முதல் வாரத்தில் கிடைக்கும் எண்: புதிய விமானியின் எதிர்காலமும் பணிமூப்புப் பட்டியலும்

பெரிய விமான நிறுவனம் ஒன்றில் புதிதாகச் சேரும் விமானிக்கு முதல் வாரத்தில் சீருடை கொடுப்பார்கள், அடையாள அட்டை கொடுப்பார்கள், கையேடுகள் ஏற்றிய டேப்லெட் கொடுப்பார்கள். கூடவே ஓர் எண்ணும் கொடுப்பார்கள். சேர்ந்த வரிசைப்படி விமானிகளை அடுக்கிய பணிமூப்புப் பட்டியலில் அவருடைய இடம் அது. பயிற்சி வகுப்பில் புதியவர்கள் ஒருவரையொருவர் ஆவலோடு விசாரித்துக்கொள்வது அந்த எண்ணைப் பற்றித்தான். நிறுவனத்தில் ஏற்கெனவே 6,000 விமானிகள் இருந்தால், புதிதாக வந்தவரின் எண் 6,001. அடுத்த முப்பது ஆண்டுகளில் அவர் எந்த விமானத்தை ஓட்டுவார், எந்த நகரத்திலிருந்து கிளம்புவார், எப்போது கேப்டன் ஆவார், விடுமுறை நாட்களில் வீட்டில் இருப்பாரா, நெருக்கடி வந்தால் வேலை தங்குமா என்பதையெல்லாம் பெரும்பாலும் இந்த எண்தான் முடிவு செய்யும்.

விமானி வேலைக்குப் போக நினைப்பவர்களும் அவர்கள் குடும்பத்தினரும் பெரும்பாலும் முதலில் கேட்பது சம்பளத்தைத்தான். பயிற்சிக்கு ஆகும் செலவை நினைத்தால் அதில் தவறில்லை. ஆனால் முதலாண்டுச் சம்பளத்தை வைத்து ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது பெரிய பிழையாக முடியலாம். தனக்கு மேலே இருப்பவர்களின் வயது என்ன, தனக்குக் கீழே எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் விமானியின் எதிர்காலத்தைக் கணிக்க முடியாது.

எண் எப்படிக் கிடைக்கிறது? வேலையில் சேர்ந்த தேதிதான் அடிப்படை. வேறு நிறுவனத்தில் பதினைந்து ஆண்டு கேப்டனாக இருந்தவரும், நேற்றுத்தான் தகுதி பெற்றவரும் ஒரே நாளில் சேர்ந்தால் இருவரும் பட்டியலின் அடியில்தான் நிற்பார்கள். ஒரே வகுப்பில் முப்பது பேர் சேரும்போது அவர்களுக்குள் யார் முன் என்பதையும் தீர்க்க வேண்டும். பல நிறுவனங்களில் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. வேறு சிலவற்றில் அரசு அடையாள எண்ணின் கடைசி இலக்கங்களைப் பார்ப்பார்கள். இப்படித் தற்செயலாக விழுந்த வரிசை, இருவரும் ஓய்வு பெறும் நாள்வரை மாறாது. ஆட்சேர்ப்பு வேகமாக நடக்கும் காலத்தில் ஒரு மாதம் தாமதமாகச் சேர்ந்தால்கூட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் முன்னால் போய்விடுவார்கள். 2022, 2023 ஆண்டுகளில் அமெரிக்காவின் மிகப் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் விமானிகளைச் சேர்த்தன. அன்றைக்கு வேலைக்கான அழைப்பு வந்தவர்கள் முதலில் கிடைத்த வகுப்பிலேயே சேரத் துடித்ததற்குக் காரணம் இதுதான்.

திறமைக்கு இடமே இல்லையா என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். நியாயமான கேள்வி. இந்த முறை ரயில்வே தொழிலாளர்களிடமிருந்து விமானத் துறைக்கு வந்தது. 1931-இல் அமெரிக்காவில் விமானிகள் சங்கம் உருவான காலத்தில், நிர்வாகத்துக்கு வேண்டியவருக்கு நல்ல வழித்தடம், கேள்வி கேட்பவருக்கு மோசமான வழித்தடம் என்ற நிலையே இருந்தது. வானிலை சரியில்லை, போக மாட்டேன் என்று சொல்பவர் வேலையை இழக்கலாம். பணிமூப்புப் பட்டியல் அந்த அச்சத்தைப் பெருமளவு குறைத்தது. எஞ்சினில் சந்தேகம் இருந்தாலோ, உடல் சோர்ந்திருந்தாலோ, எரிபொருள் கூடுதலாக வேண்டுமென்றாலோ விமானி தயங்காமல் சொல்லலாம். அப்படிச் சொன்னதற்காக அவருடைய பதவி உயர்வு தள்ளிப்போகாது. பின்னால் உட்கார்ந்திருக்கும் பயணிகளுக்கு இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை நாம் போதுமான அளவு உணர்வதில்லை என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பட்டியல் வாய்ப்பைத்தான் தரும், தேர்ச்சியைத் தராது. கேப்டன் பதவிக்கு முறை வந்தாலும் சிமுலேட்டரிலும் (விமானி அறையைப் போலவே தரையில் அமைத்த பயிற்சிக் கருவி) பிறகு வழித்தடத்திலும் தேர்வாளரின் முன் தேறியாக வேண்டும். தேறாவிட்டால் மறுபடியும் துணை விமானி இருக்கைதான். அதற்குப் பிறகும் ஓய்வு பெறும்வரை குறிப்பிட்ட இடைவெளியில் சிமுலேட்டர் சோதனை, மருத்துவச் சோதனை. எனவே திறமையில்லாதவரும் மேலே போய்விடுவார் என்ற அச்சம் தேவையில்லை. தேறியவர்களுக்குள் யார் முதலில் என்ற கேள்விக்கு மட்டுமே பட்டியல் பதில் சொல்கிறது.

அந்த எண் மாதாமாதம் என்ன செய்கிறது என்பதை நெருங்கிப் பார்ப்போம். அடுத்த மாதத்துக்கான பயணத் தொகுப்புகளை நிறுவனம் வெளியிடும். ஒன்று நான்கு நாள் பயணம், அடுத்தது போய் அன்றே திரும்புவது, வேறொன்று நள்ளிரவில் கிளம்பி விடியலில் இறங்குவது. விமானிகள் தங்கள் விருப்பங்களை வரிசைப்படுத்திக் கணினியில் பதிவார்கள்: சனி, ஞாயிறு வீட்டில் இருக்க வேண்டும், இரவுப் பயணம் வேண்டாம், மகளின் பிறந்த நாள் பதினான்காம் தேதி, அன்று விடுப்பு வேண்டும். கணினி ஒன்றாம் எண்காரரின் விருப்பத்தை முதலில் நிறைவேற்றும், பிறகு இரண்டாம் எண்காரர், பிறகு மூன்றாமவர். இப்படியே கீழே இறங்கி வரும்போது வார இறுதிகள் தீர்ந்திருக்கும், பகல் பயணங்களும் தீர்ந்திருக்கும். கடைசியில் இருப்பவருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் ரிசர்வ்.

ரிசர்வ் என்றால் காத்திருப்பு. எந்தப் பயணமும் கையில் இருக்காது. யாராவது நோய்வாய்ப்பட்டாலோ, மழையில் விமானம் தாமதமாகி முந்தைய குழுவின் பணிநேரம் முடிந்துவிட்டாலோ அழைப்பு வரும். சில வகை ரிசர்வில் சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். குடும்பம் ஒரு நகரத்திலும், பயணங்கள் தொடங்கும் விமான நிலையமான பணித்தளம் வேறொரு நகரத்திலும் இருக்கும் புதியவர், பணித்தளத்துக்குப் பக்கத்தில் ஆறேழு பேரோடு அறையைப் பகிர்ந்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையைக் கதவில் தொங்கவிட்டுக் கைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அழைப்பு வந்தாலும் சிரமம், வராவிட்டால் பறக்கும் மணிநேரம் சேராது. இந்தக் கட்டம் சில நிறுவனங்களில் ஆறு மாதம், சிலவற்றில் பல ஆண்டுகள். எவ்வளவு காலம் என்பதை அந்தத் தளத்தில் அவருக்குப் பிறகு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதே தீர்மானிக்கும்.

ஆறாயிரம் பேரில் எத்தனையாவது ஆள் என்பதைவிட, தன்னுடைய தளத்தில், தன்னுடைய விமான வகையில், தன்னுடைய இருக்கையில் (கேப்டனா, துணை விமானியா) எத்தனையாவது ஆள் என்பதுதான் அன்றாட வாழ்க்கைக்கு முக்கியம். மொத்தப் பட்டியலில் அடியில் இருக்கும் ஒருவர், யாரும் விரும்பாத சிறிய தளத்தைக் கேட்டு வாங்கினால் அங்கே சில மாதங்களிலேயே நடுவில் வந்துவிடலாம். எல்லோரும் ஆசைப்படும் நகரத்தையும் பெரிய விமானத்தையும் உடனே பிடித்தவர் பத்தாண்டு ரிசர்விலேயே இருக்கலாம். எது உயர்ந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு முதல் வழி நல்லது என்பது என் எண்ணம்.

சம்பளத்துக்கு வேறொரு கடிகாரம் ஓடுகிறது. பெரும்பாலான நிறுவனங்களில் பறக்கும் மணிநேரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. அந்த விகிதம் விமானத்தின் அளவையும் இருக்கையையும் பணியாற்றிய ஆண்டுகளையும் பொறுத்தது. அமெரிக்கப் பெரிய நிறுவனங்களில் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த ஏணியின் உச்சியை எட்டிவிடலாம். அதற்குமேல் வருமானம் கூட வேண்டுமென்றால் பெரிய விமானத்துக்கோ கேப்டன் இருக்கைக்கோ போக வேண்டும், இல்லையென்றால் புதிய ஊதிய ஒப்பந்தம் வர வேண்டும். மாதத்துக்கு 70, 75 மணிநேரம் போலக் குறைந்தபட்ச உத்தரவாதம் உண்டு. பல நாடுகளின் விதிப்படி ஆண்டுக்கு 1,000 மணிநேரத்துக்கு மேல் பறக்க முடியாது. ஆகவே உழைப்பை இரட்டிப்பாக்கி வருமானத்தை இரட்டிப்பாக்கும் வழி இந்தத் தொழிலில் இல்லை. மேலே நகர்வதுதான் வழி.

எப்படி நகர்கிறார்கள் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. நிறுவனத்தில் 6,000 விமானிகள், ஆண்டுக்கு 200 பேர் ஓய்வு பெறுகிறார்கள், அதே அளவு புதியவர்கள் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விமானத்தில் இரண்டு பேர், அதில் ஒருவர் கேப்டன். ஆக, ஏறக்குறைய பட்டியலின் மேல்பாதி கேப்டன்கள். அடியில் சேர்ந்தவர் 3,000-ஆவது இடத்துக்கு வரப் பதினைந்து ஆண்டு ஆகும். இப்போது அதே நிறுவனம் பத்தாண்டில் 8,000 விமானிகளாக வளர்கிறது என்று மாற்றிப் பாருங்கள். பத்தாண்டு முடிவில் அவர் 4,000-ஆவது ஆள், அதுவே பட்டியலின் நடு. பதினைந்து ஆண்டு பத்தாண்டாகக் குறைந்துவிட்டது. இரண்டு கணக்கிலும் அவருக்கு மேலிருந்து ஓய்வு பெற்றவர்கள் அதே 2,000 பேர். வேறுபாட்டை உண்டாக்கியது அவருக்குக் கீழே வந்தவர்கள்தான்.

ஓய்வு பெறுவோரின் எண்ணிக்கையை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பது இந்தத் துறையின் தனித்தன்மை. பெரும்பாலான நாடுகளில் வணிக விமானிகளுக்குச் சட்டப்படி உச்ச வயது உண்டு. பட்டியலில் உள்ளவர்களின் பிறந்த ஆண்டு தெரிந்தால், 2035-இல் எத்தனை இருக்கை காலியாகும் என்று இன்றைக்கே எண்ணிவிடலாம். 1980-களில் வேகமாக ஆள் சேர்த்த நிறுவனத்தில் அந்தத் தலைமுறை ஒரே நேரத்தில் வெளியேறும். அந்த வெளியேற்றத்துக்குச் சற்று முன்னால் சேர்ந்தவர்கள் மளமளவென்று மேலே போவார்கள். முப்பத்தைந்து வயதுக் கேப்டன்களால் நிரம்பிய இளம் நிறுவனத்தில் நிலைமை நேர் எதிர். வளர்ச்சி நின்ற அன்றைக்குப் பட்டியல் உறைந்துவிடும், ஏனென்றால் மேலே இருப்பவர்கள் ஓய்வு பெற இன்னும் ஏறக்குறைய முப்பது ஆண்டு இருக்கிறது. வேகமாக வளரும் நிறுவனம் நான்கு ஐந்து ஆண்டில் கேப்டன் ஆக்குகிறது என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். அது முன்னால் சேர்ந்தவர்களின் அனுபவம். அடுத்துச் சேருபவருக்கும் அப்படியே நடக்க வேண்டுமானால் ஆர்டர் கொடுத்த விமானங்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். 2024-இல் போயிங் விமானங்கள் வருவது தாமதமானதும் அமெரிக்காவின் யுனைடெட் போன்ற பெரிய நிறுவனமே புதிய விமானிகளின் வகுப்புகளைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தது.

கணக்கைச் சட்டமும் மாற்றும். அமெரிக்காவில் விமானிகளின் ஓய்வு வயது 60 ஆக இருந்தது. 2007 டிசம்பர் 13 அன்று கையெழுத்தான சட்டம் அதை 65 ஆக்கியது. மேலே இருந்தவர்களுக்குக் கூடுதலாக ஐந்து ஆண்டு உச்சச் சம்பளம். கீழே இருந்தவர்களுக்கு ஐந்து ஆண்டு அசைவே இல்லை. மேலே போட்ட கணக்கில் ஐந்து ஆண்டு ஓய்வை நிறுத்திப் பாருங்கள், வளராத நிறுவனத்தில் பதினைந்து ஆண்டு இருபதாகிவிடும். அந்தச் சட்டத்தில் இன்னொரு கொடுமையும் இருந்தது. அது வருவதற்கு முன்பே 60 வயதைக் கடந்து வெளியேறியவர்கள், திரும்ப வர விரும்பினால் புதிய ஆளாகத்தான் சேர முடியும். பழைய பணிமூப்பு கிடையாது. சில நாள் இடைவெளியில் ஒருவருக்கு ஐந்து ஆண்டு கிடைத்தது, இன்னொருவருக்கு முப்பதாண்டு போனது. வயதை 67 ஆக்கும் முயற்சி 2023-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, ஆனால் 2024 மே மாதம் வந்த இறுதிச் சட்டத்தில் இடம்பெறவில்லை. இந்த விவாதத்தில் மூத்தவர்களும் இளையவர்களும் எதிரெதிராக நிற்பதில் வியப்பில்லை.

2000, 2001-இல் அங்கே பெரிய நிறுவனங்களில் சேர்ந்தவர்களின் கதை இன்னும் வருத்தமானது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு ஆட்குறைப்பு தொடங்கியது. கடைசியில் வந்தவர் முதலில் வெளியே என்பதுதான் பட்டியலின் விதி. அடுத்தடுத்து நிறுவனங்கள் திவாலாகிச் சம்பளமும் ஓய்வூதியமும் வெட்டப்பட்டன. திரும்ப அழைக்கப்பட்டவர்கள் மூச்சுவிடுவதற்குள் 65 வயதுச் சட்டம், அதையடுத்து 2008 பொருளாதாரச் சரிவு. பத்தாண்டு கழித்தும் அவர்களில் பலர் பட்டியலின் அடிப்பகுதியிலேயே இருந்தார்கள். அவர்களைவிடத் திறமையில் குறைந்த யாரும் அவர்களை முந்திவிடவில்லை. தேதிதான் அவர்களுக்கு எதிராக இருந்தது. மாறாக, 2013-க்குப் பிறகு சேர்ந்தவர்களில் பலர் முந்தைய தலைமுறை கனவிலும் நினைக்காத வேகத்தில் கேப்டன் ஆனார்கள்.

இணைப்பு என்ற வார்த்தை வந்தாலே விமானிகள் பதறுவதற்கும் பட்டியல்தான் காரணம். இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகும்போது இரண்டு பட்டியலை எப்படிக் கோப்பது? சேர்ந்த தேதிப்படியா, இருவரும் தத்தம் பட்டியலில் இருந்த விகிதப்படியா, அல்லது வாங்கப்பட்ட நிறுவனத்தாரை மொத்தமாக அடியில் ஒட்டிவிடுவதா? 2001-இல் டிடபிள்யூஏ நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியபோது பெரும்பாலான டிடபிள்யூஏ விமானிகள் அடியில்தான் வைக்கப்பட்டார்கள். அதே ஆண்டு ஆட்குறைப்பு வந்தது. நீண்ட அனுபவமுள்ள கேப்டன்கள் முதலில் வெளியேற்றப்பட்டார்கள். அந்த அநியாயத்தின் எதிரொலியாகத்தான் நியாயமான முறையில் பட்டியலைக் கோக்க வேண்டும், உடன்பாடு வராவிட்டால் நடுவரிடம் போக வேண்டும் என்ற சட்டம் 2007-இல் வந்தது.

நடுவரிடம் போனாலும் எல்லாம் தீர்ந்துவிடாது. 2005-இல் யுஎஸ் ஏர்வேஸ், அமெரிக்கா வெஸ்ட் என்ற இரண்டு நிறுவனங்கள் இணைந்தன. யுஎஸ் ஏர்வேஸ் தரப்பில் வயதும் சேவையும் அதிகம், ஆனால் பலர் ஆட்குறைப்பில் வீட்டில் இருந்தார்கள். மறுதரப்பு இளையவர்கள், ஆனால் எல்லோரும் பறந்துகொண்டிருந்தார்கள். இணைப்பு நாளில் வேலையில் இல்லாதவர், எத்தனை ஆண்டு சேவை இருந்தாலும், பறந்துகொண்டிருந்த புதியவருக்குக் கீழேதான் என்று 2007-இல் நடுவர் தீர்ப்பளித்தார். பாதிக்கப்பட்ட தரப்பு தங்கள் சங்கத்தையே மாற்றிவிட்டது. வழக்குகள் தொடர்ந்தன. ஒரே பெயரில் பறந்த நிறுவனத்தில் இரண்டு தனித்தனிப் பட்டியல்கள் பல ஆண்டு நீடித்தன. அதற்குள் அமெரிக்கன் ஏர்லைன்ஸுடன் அடுத்த இணைப்பும் வந்துவிட்டது. மூன்று தரப்பையும் ஒன்றாகக் கோத்த பட்டியல் 2016-இல்தான் வெளியானது. இந்தியாவிலும் இப்படி நடந்தது. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007-இல் இணைந்தன. புதிதாக வரவிருந்த போயிங் 787 விமானப் பயிற்சியை இந்தியன் ஏர்லைன்ஸ் தரப்பு விமானிகளுக்கும் கொடுத்தால் தங்கள் பதவி உயர்வு தள்ளிப்போகும் என்று ஏர் இந்தியா தரப்பு விமானிகள் 2012-இல் 58 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பயணிகள் இதைச் சம்பளத் தகராறு என்று நினைத்திருக்கலாம். அடியில் இருந்தது வரிசைத் தகராறு.

எல்லா நாட்டிலும் பட்டியலுக்கு இதே அதிகாரம் உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. வட அமெரிக்காவில் அது ஏறக்குறைய முழு ஆட்சி செய்கிறது. ஐரோப்பாவின் பழைய தேசிய நிறுவனங்களிலும் வலுவாக இருக்கிறது. சங்கங்கள் வலுவாக இல்லாத பல நாடுகளில் மாத அட்டவணையைக் கணினி சமமாகப் பங்கிடும், அல்லது நிர்வாகம் தீர்மானிக்கும். கேப்டன் பதவிக்கு வரிசை பார்ப்பார்கள், அதோடு மதிப்பீட்டையும் பறந்த மணிநேரத்தையும் பார்ப்பார்கள். ஆட்குறைப்பில் யார் போவது என்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்காது. புதியவருக்கு இதில் ஒரு நன்மை உண்டு, வார இறுதி முதலாண்டிலேயே கிடைக்கக்கூடும். ஆனால் வெளியிலிருந்து நேரடியாகக் கேப்டன்களைச் சேர்க்கும் வழக்கமும் இத்தகைய நிறுவனங்களில்தான் அதிகம். ஆறு ஆண்டு காத்திருந்த துணை விமானியின் முன்னால், வேறு நிறுவனத்திலிருந்து வந்தவர் கேப்டனின் இடது இருக்கையில் உட்கார்ந்துவிடுவார். வேலைக்கான நேர்காணலில் கேட்கத் தயங்கக் கூடாத கேள்வி இது: கடந்த மூன்று ஆண்டில் கேப்டன் ஆனவர்களில் எத்தனை பேர் உள்ளிருந்து வந்தவர்கள்?

கேப்டன் பதவிக்கு முறை வந்ததும் எல்லோரும் எடுத்துக்கொள்வதும் இல்லை. துணை விமானிகளில் மூத்தவராக இருப்பவர் மாதத்துக்கு வேண்டிய பயணங்களைத் தேர்ந்தெடுத்து, வேண்டிய நாளில் வீட்டில் இருக்கிறார். கேப்டன் ஆன மறுநாள் அவர் கேப்டன்களின் அடியில் விழுவார். மறுபடியும் ரிசர்வ், மறுபடியும் இரவு, சில நேரம் வேறு ஊர்ப் பணித்தளம். சம்பளம் கணிசமாக உயரும், ஆனால் பிள்ளைகள் வளரும் ஆண்டுகள் திரும்ப வராது. இப்படி மூத்தவர்கள் ஒதுங்கும்போது கேப்டன் இடம் இளையவர்களுக்குக் கிடைக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுப் பணியிலேயே கேப்டன் ஆகிறவர்களைப் பற்றிக் கேள்விப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஓய்வுகால வருமானத்தையும் கணக்கில் சேர்த்தால் சீக்கிரம் கேப்டன் ஆவது பணரீதியில் மேல். வீட்டில் இருக்கும் நாட்களை எண்ணினால் கணக்கு வேறாகிறது. இதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும், சக விமானிகளின் பேச்சை வைத்து அல்ல.

கடைசியாக, நிறுவனம் மாறுவது. பொறியாளரோ கணக்காளரோ வேலை மாறினால் அனுபவமும் கூடவே போகும். பணிமூப்புப் பட்டியல் ஆளும் இடங்களில் விமானியின் உரிமமும் பறந்த மணிநேரமும் கூட வரும், எண் வராது. அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனம் 1991 டிசம்பரில் நின்றபோதும், இந்தியாவின் ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியபோதும், இருபதாண்டு சேவை செய்தவர்களின் எண் ஒரே நாளில் பொருளற்றதாயிற்று. அதனால் மாறுவதானால் முதல் சில ஆண்டுகளில் மாற வேண்டும். இருபத்தெட்டு வயதில் 65-ஐ நோக்கி முப்பத்தேழு ஆண்டு இருக்கிறது, அடியிலிருந்து தொடங்கினாலும் பட்டியலின் மேல்பகுதிக்குப் போக நேரம் உண்டு. நாற்பத்தைந்தில் இருபதுதான் மிச்சம். அந்த வயதில் மாறுபவர், தேக்கமடைந்த நிறுவனத்தில் சேர்ந்தால் கேப்டன் இருக்கையை எட்டும்போது ஓய்வு வயதும் வந்துவிடலாம். சிறிய நிறுவனத்தில் கேப்டனாக இருக்கும் ஒருவருக்குப் பெரிய நிறுவனத்திலிருந்து அழைப்பு வரும்போது அவர் கேட்க வேண்டியது, அங்கே முதலாண்டுச் சம்பளம் எவ்வளவு என்பதை மட்டுமல்ல. தன் வயதை எழுதி, அங்கே ஆண்டுக்கு எத்தனை பேர் ஓய்வு பெறுகிறார்கள் என்பதை எழுதி, பட்டியலின் நடுப்பகுதிக்கு வரும் ஆண்டைக் கணக்கிட வேண்டும். அந்த ஆண்டுக்கும் ஓய்வுக்கும் இடையே பத்தாண்டாவது இருந்தால் போகலாம். ஐந்தாண்டுதான் என்றால் இருக்கும் இடத்தில் இருக்கும் எண்ணே மேல்.